மின்கட்டண ரசீதில் வராத செலவு

வாசகர் கேள்வி – பதில்

மின் உற்பத்தியால் சுற்றுச்சூழல் அடையும் கேடுகள் குறித்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், அவற்றுக்கு இந்த இதழில் சேர்த்தே பதில் தரப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாக்கப்பட்டுள்ளன.

கேள்வி: மின்சாரத்தின் உண்மையான விலை நாம் கட்டும் கட்டணத்தைவிட அதிகம் என்று அடிக்கடி படிக்கிறேன். கட்டணத்தில் சேராத செலவு என்று எதைச் சொல்கிறார்கள்? புகையால் விளையும் கேட்டைப் பணத்தில் அளக்க முடியுமா?
– பொருளியல் பயிலும் மாணவி ஒருவர்

மின்சாரத்தை உற்பத்தி செய்பவரும் வாங்குபவரும் தங்களுக்குள் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலில் எந்தப் பங்கும் இல்லாத மூன்றாமவர் ஒருவர், தம் நுரையீரலாலோ வயலாலோ கிணற்றுநீராலோ அதில் ஒரு பகுதியைச் செலுத்த நேர்கிறது. இதைப் பொருளியலார் புறச்செலவு என்பர். ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆர்தர் செசில் பிகூ 1920-ஆம் ஆண்டிலேயே இதை விரிவாக ஆராய்ந்து, கேட்டை உண்டாக்குபவரிடமே அதன் அளவுக்கு வரி வசூலிக்கலாம் என்று வாதிட்டார். ஆலைப் புகை அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று.

அளவிடும் முறை படிப்படியானது. ஒரு நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து எவ்வளவு கந்தக டை ஆக்சைடும் நுண்துகளும் வெளியேறுகின்றன, காற்று அவற்றை எங்கே கொண்டு செல்கிறது, அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள், அவர்களிடையே எத்தனை நோய்களும் முன்கூட்டிய மரணங்களும் கூடுதலாக நிகழும் என்று வரிசையாகக் கணக்கிட்டு, இறுதியில் அதைப் பணமாக மாற்றுவார்கள். அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழுமம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, 2005-ஆம் ஆண்டில் இயங்கிய 406 நிலக்கரி மின் நிலையங்களை இப்படி ஆராய்ந்து, அவற்றின் காற்று மாசால் ஏற்பட்ட கேட்டை 6,200 கோடி டாலர் என மதிப்பிட்டது. யூனிட் ஒன்றுக்கு இது சராசரியாக 3.2 சென்ட், எரிவாயு நிலையங்களுக்கு 0.16 சென்ட் மட்டுமே. பருவநிலை மாற்றம், பாதரசம், காடு, ஏரி முதலியவற்றுக்கு நேரும் கேடு ஆகிய எவையும் இந்தத் தொகையில் சேரவில்லை.

அந்த ஆய்வில் பலரும் கவனியாமல் விடும் செய்தி வேறொன்று. மிக மோசமான பத்து சதவீத நிலையங்கள் மட்டும் மொத்தக் கேட்டில் 43 சதவீதத்துக்குக் காரணமாக இருந்தன. அவை தந்ததோ அந்த 406 நிலையங்களின் மின்சாரத்தில் கால் பங்குதான். ஆகவே சராசரியை மட்டும் பார்த்து நிலக்கரி நிலையங்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைப்பது சரியாகாது.

மனித உயிருக்கு டாலரில் மதிப்புப் போடுவது பலருக்கு உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. அந்த 6,200 கோடியின் பெரும்பகுதி முன்கூட்டிய மரணங்களுக்குப் போடப்பட்ட மதிப்புதான், மதிப்பை மாற்றினால் தொகையும் மாறிவிடும். ஆனால் மதிப்பே போடாமல் விட்டால் கணக்கேட்டில் அந்த இடம் பூஜ்யமாகவே நிற்கும், எல்லா மதிப்பீடுகளிலும் நிச்சயமாகத் தவறானது அதுதான்.

கேள்வி: இப்போதுதான் புகையை வடிகட்டும் நவீன கருவிகள் எல்லா வகையிலும் வந்துவிட்டனவே. அவற்றைப் பொருத்திவிட்டால் நிலக்கரி மின்சாரம் தூய்மையானதாகிவிடாதா?
– அனல் மின் நிலையம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்

காற்று தூய்மையாகும் என்பது உண்மை. பிடித்த பொருள் எங்கே போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. மாசுக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் பாதி, குப்பையைக் கூட்டி அடுத்த வீட்டு வாசலில் தள்ளிய வரலாறு.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனும் மேற்கு ஐரோப்பாவின் பிற நாடுகளும் புகைபோக்கிகளை மேலும் மேலும் உயர்த்திக் கட்டின. அருகிலிருந்த ஊர்களில் காற்று தெளிந்தது. உயரத்தில் விடப்பட்ட கந்தக டை ஆக்சைடோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, வழியில் அமிலமாகி, நார்வேயிலும் சுவீடனின் தென்பகுதியிலும் மழையாகவும் பனியாகவும் இறங்கியது. அங்கிருந்த ஏரிகளிலிருந்து மீன்கள் மறையத் தொடங்கின. சுவீடன் அறிவியலர் ஸ்வாண்டே ஓடன் 1967-இல் இதைப் பொதுமக்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தார். எல்லை தாண்டிச் செல்லும் காற்று மாசு குறித்த உடன்படிக்கை ஜெனீவாவில் 1979-இல் கையெழுத்தானது. உயர்ந்த புகைபோக்கி செலவைக் குறைக்கவில்லை, செலுத்துபவரைத்தான் மாற்றியது.

வடிகட்டும் கருவிகள் இதைவிடப் பன்மடங்கு மேலானவை. மின்னூட்டத்தால் தூசியைப் பிடிக்கும் கருவி, புகையோடு வரும் சாம்பலில் 99 சதவீதத்துக்கும் மேல் பிடித்துவிடும். சுண்ணாம்புக் கல் குழம்பு கந்தக டை ஆக்சைடைப் பிடித்து ஜிப்சமாக மாற்றிவிடும். ஆனால் நிலக்கரியில் சிறிதளவே இருந்த ஆர்சனிக், செலினியம், பாதரசம் முதலியவை எரிந்து அழிவதில்லை; கரி எரிந்து போகப் போக அவை சாம்பலில் செறிவடைகின்றன. அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குளங்களில் தேக்குவது நெடுங்கால வழக்கம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மின் நிலையம் ஒன்றின் தேவைக்காக உருவாக்கப்பட்ட பெலூஸ் என்னும் ஏரியில் 1970-களில் நடந்ததைப் பாருங்கள். சாம்பல் குளத்தில் தேங்கிய நீர் ஏரியில் கலந்தது; ஏரி நீரில் செலினியம் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மைக்ரோகிராம்தான் இருந்தது. அந்த அளவைப் பார்த்து யாரும் அஞ்சியிருக்க மாட்டார்கள். பாசியிலிருந்து சிறு உயிர்களுக்கும், அவற்றிலிருந்து மீன்களுக்கும் செல்லச் செல்ல அது சில ஆயிரம் மடங்கு வரை செறிந்து, முட்டையிலேயே குஞ்சுகளைச் சிதைத்தது. வளர்ந்த மீன்கள் நலமாகவே நீந்திக்கொண்டிருக்க, அடுத்த தலைமுறை பிறக்காமல் போயிற்று. ஏரியில் இருந்த இருபது மீன் இனங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் அற்றுப்போயின.

டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்டன் மின் நிலையத்தில் 2008 டிசம்பர் 22 அன்று சாம்பல் குளத்தின் கரை உடைந்து, ஏறத்தாழ 42 லட்சம் கன மீட்டர் சாம்பற்சேறு ஆற்றிலும் சுமார் 300 ஏக்கர் பரப்பிலும் பரவியது. தூய்மைப்படுத்த நூறு கோடி டாலருக்கும் மேல் செலவாயிற்று. அள்ளிய சாம்பலில் பெரும்பகுதியை ரயிலில் ஏற்றி அலபாமா மாநிலத்தின் ஏழை மாவட்டம் ஒன்றிலுள்ள கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

இதனால் கருவிகள் வீண் என்று கொள்ள வேண்டாம். பல லட்சம் பேரின் நுரையீரலுக்குள் செல்வதைவிட அந்தச் சாம்பல் ஓரிடத்தில் கிடப்பதே மேல். சிமென்ட், செங்கல் முதலியவற்றில் கலந்துவிட்டால் இன்னும் நல்லது. ஈரக் குளத்துக்குப் பதிலாக, அடியில் கசிவுத் தடுப்புப் போட்ட உலர்ந்த கிடங்கில் சாம்பலைச் சேர்க்கவும் முடியும். அதற்குப் பணம் செலவாகும். அந்தப் பணத்தை யூனிட் விலையில் சேர்க்கும் துணிவு வேண்டும். கரியமில வாயுவையோ இந்தக் கருவிகளில் எதுவும் பிடிப்பதில்லை.

கேள்வி: சுரங்கத்தை மூடிவிட்டால் அதன் கேடும் அத்துடன் முடிந்துவிடும் அல்லவா?

முடிவதில்லை. ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. நூற்றாண்டுக் கணக்கில் அடியிலிருந்து கரி எடுத்ததால், மேலிருந்த நிலம் சில இடங்களில் இருபது மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. தண்ணீரை இறைத்து வெளியேற்றுவதை நிறுத்தினால் தாழ்ந்த பகுதிகள் ஏரியாகிவிடும்; கைவிடப்பட்ட சுரங்கங்களில் ஊறும் உப்புநீர் குடிநீருடன் கலந்துவிடும். ஆகவே பம்புகள் முடிவில்லாமல் ஓடியாக வேண்டும். இதற்கென்றே 2007-இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது; ஆண்டுதோறும் இருபது கோடி யூரோவுக்கு மேல் இந்தப் பணி விழுங்குகிறது. அந்த நிலக்கரியில் விளைந்த மின்சாரத்தைப் பயன்படுத்தியவர்களில் பலர் இன்று உயிருடன் இல்லை.

ஜெர்மனியிலாவது அதற்கென்று ஒரு நிதி இருக்கிறது. பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியாவில் 1962-இல் பற்றிய சுரங்கத் தீ இன்னும் அணையவில்லை. அந்த ஊரை ஏறத்தாழ முழுவதுமாகக் காலி செய்ய நேர்ந்தது. மக்களை இடம்பெயர்க்க 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் 4 கோடியே 20 லட்சம் டாலரைப் பொதுப் பணத்திலிருந்து ஒதுக்கியது.

கேள்வி: இயற்கை எரிவாயு நிலக்கரியில் பாதி அளவே மாசு தருகிறது என்கிறார்களே?

எரியும் இடத்தில் பார்த்தால் அது சரி. ஆனால் எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். எரியாமல் கசிந்தால் அது முதல் இருபது ஆண்டுகளில் அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் எண்பது மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். கிணற்றிலிருந்து நிலையம் வரையுள்ள வழியில் சுமார் மூன்று சதவீதத்துக்கு மேல் கசிந்தால், பருவநிலையைப் பொறுத்தவரை நிலக்கரியைவிட உடனடி நன்மை எதுவும் இராது என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் கசிவு 2.3 சதவீதம் என 2018-இல் மதிப்பிடப்பட்டது. அது அரசின் சொந்த மதிப்பீட்டைவிட அறுபது சதவீதம் அதிகம். கண்ணுக்கும் மூக்கிற்கும் புலப்படாத வாயு என்பதால், தேடிப் பார்க்கும் வரை கணக்கில் ஏறவில்லை.

கேள்வி: மின் நிலையங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் இருப்பது ஏன்? அவை எடுக்கும் தண்ணீர் வீணாகிறதா?
– பள்ளி ஆசிரியர் ஒருவர்

நிலக்கரியானாலும் அணுசக்தியானாலும், நீராவியால் சுழலியை ஓட்டும் நிலையத்தில் உண்டாகும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமே மின்சாரமாகும். மிச்சத்தின் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து செல்ல வேண்டும். ஆற்றுநீரை எடுத்து ஒரே சுற்றில் திருப்பி விடும் நிலக்கரி நிலையம், யூனிட் ஒன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேல் எடுக்கிறது. அதில் ஆவியாவது ஒரு லிட்டர் அளவே. குளிர்விப்புக் கோபுரம் உள்ள நிலையம் எடுப்பது நான்கு லிட்டர், ஆனால் இரண்டரை லிட்டருக்கும் மேல் ஆவியாகிவிடும்.

ஆக, முதல் வகையில் தண்ணீர் திரும்பி வருகிறது, சூடாக. உறிஞ்சு குழாயில் மீன் முட்டைகளும் குஞ்சுகளும் அகப்பட்டு மடிகின்றன. இரண்டாம் வகையில் மீன் பிழைக்கிறது, ஆற்றில் நீர் குறைகிறது. எது மேல் என்பது அந்த ஆற்றைப் பொறுத்தது. 2003-ஆம் ஆண்டு ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலையின்போது ஆறுகள் ஏற்கெனவே சூடேறியிருந்ததால், பிரான்ஸில் சில அணுமின் நிலையங்கள் உற்பத்தியைக் குறைத்தன. வேறு சில, வழக்கமான வரம்பைத் தாண்டி வெந்நீரை விடச் சிறப்பு அனுமதி பெற்றன.

கேள்வி: நீர்மின்சாரத்தில் எதுவும் எரிவதில்லை. அதையும் குறை சொல்வது நியாயமா?

நீர்மின்சாரத்தைப் பொறுத்தவரை பொதுவாகச் சொல்லும் எந்த வாக்கியமும் பாதிதான் உண்மையாக இருக்கும். அணைக்கு அணை அவ்வளவு வேறுபாடு.

பிரேசிலின் அமேசான் காட்டில் 1980-களின் இறுதியில் நிரப்பப்பட்ட பால்பினா அணை, 250 மெகாவாட் திறனுக்காக ஏறத்தாழ 2,360 சதுர கிலோமீட்டரை மூழ்கடித்தது. பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து கட்டிய இதாய்ப்பூ அணையோ சுமார் 1,350 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் 14,000 மெகாவாட் திறன் கொண்டது. பால்பினாவில் காடு வெட்டப்படாமலேயே மூழ்கியது. ஆழமற்ற தேக்கத்தில் மரங்களும் செடிகளும் காற்றில்லாமல் அழுகுவதால் மீத்தேன் உண்டாகிறது. அதே அளவு மின்சாரத்தை நிலக்கரியால் பெற்றிருந்தால்கூடப் பருவநிலைக்கு இவ்வளவு கேடு நேர்ந்திராது என்பது அதை ஆராய்ந்தவர்களின் முடிவு. குளிர்ந்த மலைப் பகுதியில், ஆழமான பள்ளத்தாக்கில், மரமில்லாப் பாறைகளுக்கிடையே கட்டிய அணைக்கு இந்தக் குற்றச்சாட்டு சிறிதும் பொருந்தாது.

வண்டல் மறிபடுவது மட்டும் பெரிய தேக்கங்கள் அனைத்துக்கும் பொது. எகிப்தின் அசுவான் பேரணை நைல் ஆற்றின் வண்டலை ஏறத்தாழ முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது. புதிய மண் வந்து சேராததால் கழிமுகக் கரையைக் கடல் அரிக்கிறது. வெள்ளத்தோடு வந்த சத்துகள் நின்றதும் கிழக்கு மத்தியதரைக் கடலின் மத்தி மீன்பிடி 1960-களின் பிற்பகுதியில் சரிந்தது. அணையிலிருந்து நெடுந்தொலைவில் கடலில் வலை வீசிய மீனவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று திட்டமிட்டவர் எவருக்கும் தோன்றியிராது. இனி, இடம்பெயர்ந்தோர்: உலக அணைகள் ஆணையம் 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் அவர்களின் தொகை நான்கு கோடி முதல் எட்டு கோடி வரை இருக்கலாம் என்றது. கணக்கெடுத்தவர்களின் அலட்சியத்தை நான்குக்கும் எட்டுக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியே சொல்லிவிடுகிறது.

கேள்வி: சோலார் பேனல் செய்ய நிலக்கரி எரிக்கிறார்கள், காற்றாலைக்கு அரிய உலோகங்களைத் தோண்டுகிறார்கள், அவற்றின் இறக்கைகள் பறவைகளைக் கொல்கின்றன, பழைய பேனல்கள் குப்பையாகின்றன. அப்படியென்றால் எல்லா மின்சாரமும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்வதுதானே நேர்மை?
– பொறியாளர் ஒருவர்

நீங்கள் அடுக்கிய நான்கும் உண்மை. முடிவு மட்டும் தவறு. எல்லாவற்றிலும் குறை உண்டு என்பதிலிருந்து எல்லாக் குறையும் சமம் என்ற இடத்துக்குத் தாவ முடியாது. அளவைப் பார்க்க வேண்டும்.

சுரங்கம், ஆலை, போக்குவரத்து, இயக்கம், அகற்றல் அனைத்தையும் சேர்த்து யூனிட் ஒன்றுக்கு எத்தனை கிராம் கரியமில வாயுவுக்கு ஈடான வெளியீடு என்று பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2014-இல் தொகுத்தது. நடுமதிப்புகள் இவை: நிலக்கரி 820, எரிவாயு 490, பெரிய சோலார் நிலையம் 48, நீர்மின் 24, அணுசக்தி 12, நிலக் காற்றாலை 11. நீங்கள் சொல்லும் பேனல் தொழிற்சாலையின் நிலக்கரி அந்த 48-க்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. பேனலைச் செய்யச் செலவான ஆற்றலை அது ஓரிரு ஆண்டுகளில் திருப்பித் தந்துவிட்டு, பிறகு இருபதாண்டுகளுக்கும் மேல் உழைக்கிறது.

கிராம் கணக்கில் அடங்காத கேடுகளும் உண்டு, அவற்றை மறைக்கலாகாது. சிலிக்கானைத் தூய்மைப்படுத்தும்போது உபரியாக வரும் சிலிக்கான் டெட்ராகுளோரைடு, தண்ணீர் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும். அதை மீண்டும் உற்பத்திக்கே பயன்படுத்த முடியும், முறையற்ற ஆலைகள் கொட்டிவிட்டுப் போன காலமும் இருந்தது. சில வகைக் காற்றாலைகளின் காந்தங்களுக்கு வேண்டிய நியோடிமியம் என்னும் அருமண் உலோகம் பெருமளவில் சீனாவிலிருந்தே வருகிறது. அங்கே பாவ்தோ நகரருகே அருமண் தாதுக்களின் கழிவு தேங்கிப் பெரும் ஏரியாகவே நிற்கிறது. பழைய பேனல்களின் கழிவு 2050-க்குள் மொத்தம் 7.8 கோடி டன் வரை சேரலாம் என்று பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2016-இல் மதிப்பிட்டது. பெரிய எண்தான், ஆனால் உலகின் நிலக்கரிச் சாம்பல் ஒரே ஆண்டில் அதைப் போலப் பல மடங்கு சேர்ந்துவிடுகிறது.

பறவைகள் விஷயத்தில் இடத்தேர்வுதான் முதற்காரணம். கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில், பொன்னிறக் கழுகுகள் இரை தேடும் நிலத்திலேயே ஆயிரக்கணக்கில் காற்றாலைகளை நிறுத்தியதன் விளைவு இன்றும் பேசப்படுகிறது. நார்வேயின் ஸ்மோலா தீவிலோ, மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசியதால் பறவை மரணம் ஏறத்தாழ எழுபது சதவீதம் குறைந்ததாக 2020-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது; சோதித்தவை சில காற்றாலைகளே என்பதால் எல்லா இடத்துக்கும் இதே பலனை எதிர்பார்க்க முடியாது. வௌவால்கள் மிகுதியாகப் பறப்பது காற்று மெதுவாக வீசும் இரவுகளில். அந்த நேரத்தில் இறக்கைகளைச் சுழலவிடாமல் நிறுத்தினால் வௌவால் மரணம் பாதியாகக் குறைவதும், உற்பத்தி இழப்பு மிகச் சிறிதே என்பதும் சோதித்து அறியப்பட்டவை. இவ்வகைக் கேடுகளை இடத்தாலும் விதியாலும் வடிவமைப்பாலும் குறைக்க முடியும். நிலக்கரியை எரித்தால் கரியமில வாயு வருவதை எந்த வடிவமைப்பும் மாற்றாது. இந்த இரு வகைகளையும் ஒரே பெயரால் அழைப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

கேள்வி: அணுசக்தியின் கேடு என்றாலே செர்னோபில், புகுஷிமா என்கிறார்கள். விபத்து இல்லாவிட்டால் கேடே இல்லையா?

உண்டு, அது பெரும்பாலும் சங்கிலியின் முதல் கண்ணியில், யுரேனியச் சுரங்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சர்ச் ராக் என்னும் இடத்தில் 1979 ஜூலை 16 அன்று யுரேனிய ஆலையின் கழிவுத் தேக்கம் உடைந்து, ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட கதிரியக்கக் கழிவும் சுமார் 35 கோடி லிட்டர் அமில நீரும் புவெர்கோ ஆற்றில் பாய்ந்தன. அந்த ஆற்றில் தங்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டியவர்கள் நவாஹோ பழங்குடியினர். அதே ஆண்டு மார்ச்சில் அதே நாட்டில் நடந்த திரீ மைல் தீவு அணு உலை விபத்து உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. சர்ச் ராக் ஆகவில்லை.

எரிந்து முடிந்த எரிபொருளை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிரித்து வைக்க வேண்டும் என்பது மறு முனை. பின்லாந்து, ஓன்கலோ என்ற இடத்தில் நானூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறையைக் குடைந்து அதற்கான நிலவறையை அமைத்திருக்கிறது. அந்நாட்டில் இதற்கான நிதி மின் உற்பத்தியாளர்களிடம் முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. கழிவின் செலவை யூனிட் விலையிலேயே சேர்த்துவிடும் இந்த ஏற்பாடு நிலக்கரிக்கும் இருந்திருந்தால், மேலே ரூர் பற்றி எழுதியதற்கு வேலையே இருந்திராது.

கேள்வி: மின்சாரத்தைக் கொண்டு செல்லும் கம்பிகளுக்கும் துணை மின் நிலையங்களுக்கும் இப்படிக் கணக்கு உண்டா?

உண்டு. வழித்தடத்துக்காக வெட்டப்படும் காடு, கம்பியில் மோதி இறக்கும் பெரிய பறவைகள், வழியில் இழக்கும் மின்சாரம் ஆகியவை ஓரளவு தெரிந்தவை. அதிகம் தெரியாதது, மின்னோட்டத்தை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் உயரழுத்த சுவிட்ச்கியர்களில் தீப்பொறியை அணைக்க அடைக்கப்படும் சல்பர் ஹெக்சாபுளோரைடு வாயு. நூறு ஆண்டு கால அளவில் கணக்கிட்டால், அது அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் 23,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும்; கசிந்தால் பல நூற்றாண்டுகள் வளிமண்டலத்தில் தங்கும். மொத்தக் கசிவு குறைவு என்பதால் இன்றைய வெப்பமாதலில் அதன் பங்கு சிறியதே. காற்றாலையானாலும் நிலக்கரியானாலும் மின்சாரம் இதே சுவிட்ச்கியர்கள் வழியாகத்தான் செல்கிறது. இதை ஒரு தரப்பின் மீது மட்டும் சுமத்துவது முறையல்ல. மாற்று வழிகள் வந்துவிட்டன: 24 கிலோவோல்ட் வரையிலான புதிய சாதனங்களில் இந்த வாயுவைப் பயன்படுத்த, சில விலக்குகளுடன், 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது.